மகன் பார்த்துக்கொள்வானாம்!

போன வாரம் எங்கள் மலையில் உள்ள சோளக்காட்டுச் சந்தையில் மிளகு எடைபோட நின்றிருந்த ஒரு பெரியவரிடம், "மாமா, இருக்கிற ரெண்டு ஏக்கருக்கும் ஒரு உயில் எழுதி வெச்சிடுங்க. அத்தை பேரும் அதுல வரட்டும்" என்றேன். "ஏம்ப்பா, நான் சாகணும்னு பாக்குறியா? ஆம்பளப் பசங்க ரெண்டு பேர் இருக்கானுங்க. ஆத்தாளுக்குச் சோறு போட மாட்டானுங்களா?" என்று சீறினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், தராசு பிடித்தவர் உட்பட. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

என் பெரியம்மாவுக்கு மூன்று மகன்கள். பெரியப்பா எதையும் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த கையோடு நிலம் மூன்றாகப் பிரிந்தது. பெரியம்மாவுக்கு மாச முறை வைத்தார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, இடுப்பில் சுருக்குப் பை, அவ்வளவுதான் அவர் சொத்து. மாதம் முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மகன் வீடு. 31 தேதி வரும் மாதங்களில் அந்த ஒரு நாள் யார் கணக்கு என்று திண்ணையில் சண்டை நடக்கும். அவர் வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் காட்டில் சில்வர் ஓக் மரங்களின் அடியில் மிளகுக் கொடி வெட்டி நட்டவர் அவர். முதல் மழை விழுந்ததும் குழி பறித்து, கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டி, களை பிடுங்கி வளர்த்தவர் அவர். தையில் கொத்து பழுத்தபோது, ரசத்துக்கு ஒரு கைப்பிடி பறிக்க மகனிடம் கேட்டு நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன். "மகன் பார்த்துக்கொள்வான்" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கைதான் கண்ணில் வருகிறது.

எங்கள் மலையாளிப் பழங்குடியின் படித்த இளவட்டங்கள் இன்னொன்று சொல்கிறார்கள்: "நம்ம ஜனத்துக்குச் சட்டமே கிடையாதுங்க." பாதி உண்மை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 2(2) பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால் ஒழியப் பழங்குடிகளுக்குப் பொருந்தாது. அதனால்தான் கீழே ராசிபுரத்தில் கணவன் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகை வாரிசாக நிற்க, மேலே மலையாளிப் பெண் வழக்கத்தின் தயவில் நிற்கிறாள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை நீக்குவது பற்றி யோசிக்குமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் பழங்குடிப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்றது. 2025இல் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை இல்லாமல் இந்தச் சட்டம் பழங்குடிகளுக்குச் செல்லாது என்று திரும்பச் சொல்லிவிட்டது. இந்த இழுபறி தீரட்டும் என்று காத்திருக்க எந்தப் பெரியம்மாவுக்கும் ஆயுள் போதாது.

ஆனால் மனைவிக்குக் கொடுக்காதே என்று எந்தச் சட்டம் சொன்னது? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மணமானவருக்குக் காட்டு நில உரிமை தந்தால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துப் பதிய வேண்டும் என்கிறது. வாரிசுக்குப் போகலாம், விற்கக் கூடாது என்றும் சொல்கிறது. டில்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவனுக்குத் தோன்றியது, நாற்பது வருஷம் ஒரே அடுப்பில் குளிர்காய்ந்த புருஷனுக்குத் தோன்றவில்லை!

அப்படி எழுதி வைக்கத் தோன்றிய இங்கிலாந்து உழவன் கதை ஒன்று உண்டு. அங்கே 1540இல் நிலத்தை உயிலால் எழுதி வைக்கும் உரிமையைச் சட்டம் தந்தது. அந்தக் காலத்து உயில்கள் அந்நாட்டு ஆவணக் காப்பகங்களில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. சாகக் கிடக்கும் உழவன் ஊர்ப் பாதிரியாரையோ எழுதத் தெரிந்தவனையோ கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறான். நிலம் மகனுக்கு. மனைவிக்கு வீட்டில் இன்ன அறை, அடுப்படியில் இடம், வருஷத்துக்கு இவ்வளவு தானியம், விறகு, ஒரு பசு, அதற்கு மேய்ச்சல். அவள் மறுமணம் செய்தால் எல்லாம் போச்சு என்றும் பல உயில்கள் சொல்லும். அந்த அநியாயமும் அங்கே இருந்தது. ஆனாலும் மகன் நல்லவன் என்று நம்பி அந்த உழவன் சும்மா இருந்துவிடவில்லை. விறகைக்கூட எழுதி வைத்தான். என் பெரியப்பாவுக்கு ஒரு தாள் கிடைக்கவில்லையா? மூன்று மகன்களில் ஒருவன் வீட்டிலாவது ஒரு அறையைப் பெரியம்மா பெயருக்கு எழுத முடியாமலா போனது?

மகள்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பட்டா மாற்றும்போதுதான் அண்ணன் தம்பிகளுக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது. ஒரு சேலை, ஒரு பித்தளைக் குடம், விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு. "சீர் செஞ்சாச்சே" என்பார்கள். சீர் வாங்கியது மாப்பிள்ளை வீடு, இவள் அல்ல.

எழுதாமல் போன நிலம் மகனிடமாவது தங்குகிறதா என்றால் அதுவும் இல்லை. ஆந்திரத்தில் பழங்குடிப் பகுதி நிலம் வெளியாருக்குப் போகக் கூடாது என்று 1970இலேயே விதியை இறுக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு மலைகூட அறிவிக்கப்படவில்லை. கொண்டை ஊசி வளைவு 70ஐயும் காரில் ஏறி வருகிறவன் கையில் முன்பணம் இருந்தால் போதும், ஏதாவது ஒரு மகன் கையெழுத்துப் போட்டுவிடுவான். பெரியம்மாவின் மூன்றாவது மகன் பங்கு இன்று தங்கும் விடுதி. பெரியம்மா கொடி நட்ட மரங்களில் அங்கே ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள்.

"சோறு போடாவிட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே" என்று ஒரு வாத்தியார் சொன்னார். இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தரலாம் என்கிறது. அதற்கு ஒரு தாய் மலை இறங்கிப் போய், பெற்ற பிள்ளைகள் மேல் மனுக் கொடுக்க வேண்டும். எந்தத் தாய் கொடுப்பாள்? பெரியம்மா கொடுக்கவில்லை. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயையும் அந்த மாசத்து மருமகளிடமே கொடுத்தார்.

மாமா, சந்தையில் நீங்கள் பாதிப் பேச்சில் போய்விட்டீர்கள், அதனால் இங்கே சொல்கிறேன். உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் வம்பு குறையும். பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள் என்று உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அதை நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. உயிலைக் கடைசி நாள்வரை மாற்றலாம். அதில் அத்தைக்கு மேற்குப் பக்கத்து அறை, ஊற்றுக்குப் போகிற பாதை, வீட்டை ஒட்டிய இரண்டு பலா, நாற்பது மிளகுக் கொடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுங்கள். எந்த மரத்துக் கொடி என்பதையும் எழுதுங்கள்.