புத்தகக் காதல் இருந்தால் கூலி கொடுக்க வேண்டாமா?

அறிவியல் புனைகதை ரசிகர்களுக்கு ஒரு பெரிய மனசு உண்டு. நல்ல புத்தகம் போட்டவர் என்று தெரிந்தால் போதும், அவர் வைத்த பாக்கியை எல்லாம் மறந்துவிடுவார்கள். பாக்கி தங்களுக்கு வர வேண்டியதில்லை அல்லவா! இப்படி மன்னிக்கப்பட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பது நோம் பிரஸ்.

1948-ல் மார்ட்டின் கிரீன்பெர்க், டேவிட் கைல் என்ற இரண்டு ரசிகர்கள் நியூயார்க்கில் ஆரம்பித்த சின்னப் பதிப்பகம் அது. அன்றைக்கு அமெரிக்காவில் இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் மட்டத் தாளில் அச்சான பத்திரிகைகளோடு முடிந்துவிடும். இவர்கள் அந்தக் கதைகளைப் பொறுக்கி எடுத்து, கெட்டி அட்டை போட்டு, தபால் மூலமும் விற்றார்கள். அசிமோவின் 'ஐ, ரோபோ' 1950-ல் வந்தது. 1951 முதல் 1953 வரை 'ஃபவுண்டேஷன்' மூன்று பாகங்கள். சிமாக்கின் 'சிட்டி', ஹோவர்டின் கோனன் கதைகள், கிளார்க், ஹெய்ன்லைன்... மொத்தம் 86 புத்தகங்கள். பட்டியலைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

கும்பிடுமுன் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்.

ராயல்டி ஒழுங்காக வரவில்லை. விற்பனைக் கணக்கும் வரவில்லை. கேட்டால் சாக்குதான் வந்தது. இது வதந்தி அல்ல, அசிமோவே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் மார்ட்டின் கிரீன்பெர்க் என்ற பெயரிலேயே வேறொரு தொகுப்பாசிரியர் வந்தபோது, நடுப்பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவருக்கு அசிமோவ் யோசனை சொன்னார். அவரும் கடைசிவரை மார்ட்டின் எச். கிரீன்பெர்க் என்றே அறியப்பட்டார். ஒருவர் வைத்த பாக்கிக்கு, சம்பந்தமே இல்லாத இன்னொருவர் பெயரை மாற்றி எழுத வேண்டி வந்தது!

"பாவம், சின்னக் கம்பெனி, நஷ்டத்தில் ஓடியது" என்பார்கள். உண்மைதான். 1953-ல் டபுள்டே தன் சயின்ஸ் ஃபிக்‌ஷன் புக் கிளப்பை ஆரம்பித்து, இதே ரசிகர்களுக்கு இதே தபாலில் மலிவு விலைக்கு விற்றது. நோம் பிரஸ்ஸும் 'பிக்-எ-புக்' என்ற பெயரில் தள்ளுபடி விலைக்குத் தள்ளிப் பார்த்தது. 1962 வாக்கில் கடையை மூடியாயிற்று.

சரி, நஷ்டம். ஆனால் அதை யார் தலையில் கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. தாள் கடைக்காரருக்கு ரொம்ப நாள் பாக்கி வைத்தால் அடுத்த லோடு வராது. ஸ்டாம்ப் ஒட்டாவிட்டால் பார்சல் நகராது. எழுத்தாளருக்கு மட்டும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பாக்கி வைக்கலாம். கதைதான் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதே! அதிலும் தபால் வியாபாரத்தில் வாசகர் முதலில் பணம் அனுப்புகிறார், பிறகுதான் புத்தகம் போகிறது. காசு வந்த புத்தகத்துக்கும் எழுதியவருக்குப் பங்கு இல்லை என்றால் அதற்குப் பெயர் நஷ்டமா?

பணம் இல்லையென்றால் உரிமையையாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. 1961-ல் டபுள்டே தலையிட்டு வாங்கும்வரை அசிமோவின் புத்தகங்கள் அங்கேயே சிக்கிக் கிடந்தன. 1966-ல் எல்லாக் காலத்துக்கும் சிறந்த தொடர் என்று ஹியூகோ விருது வாங்கப்போகும் கதைக்கு இந்தக் கதி.

அசிமோவுக்குப் பல்கலைக்கழக வேலை இருந்தது, தப்பித்தார். பிலிப் ஹோஸே ஃபார்மர் தப்பவில்லை. சிகாகோவில் ஷாஸ்டா என்று இதே மாதிரி இன்னொரு ரசிகர் பதிப்பகம். அது 1950-களின் தொடக்கத்தில் நடத்திய நாவல் போட்டியில் அவர் ஜெயித்தார். பரிசு 4000 டாலர். அதை நம்பி வேலையை விட்டார். பரிசும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை. மறுபடி கூலி வேலைக்குப் போனார். அந்த நாவலின் கருவிலிருந்து பிறந்த புத்தகம் 1972-ல் ஹியூகோ வாங்கியது. நடுவில் போன வருஷங்களை யார் திருப்பித் தருவது?

"அவர்கள் இல்லாவிட்டால் ஃபவுண்டேஷனே இல்லை" என்பது அடுத்த வாதம். தொடரின் பெரும்பகுதி 1942 முதல் 'அஸ்டவுண்டிங்' பத்திரிகையில் வந்து புகழ்பெற்றுவிட்டது ஐயா! நோம் பிரஸ் அதற்கு அட்டை போட்டது. அது பெரிய காரியம்தான், டபுள்டேயே வேண்டாம் என்ற நேரத்தில் செய்த காரியம். அதற்காக நன்றி சொல்லுங்கள். ஆனால் அட்டை போட்டவர் எழுதியவரின் கூலியை வைத்துக்கொள்ளலாம் என்று எந்த ஊர் நியாயம் சொல்கிறது?

இன்றைக்கு நோம் பிரஸ்ஸின் முதல் பதிப்புகளைச் சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கட்டும். அலமாரியில் வைத்து அழகு பார்க்கும்போது, அந்த அட்டைக்குள் ஒரு எழுத்தாளரின் பாக்கியும் இருக்கிறது என்பதைச் சேர்த்தே சொல்லட்டும்.