தனக்கென்று ஓர் இடம்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிண்டியிலும் எழும்பி நிற்கும் அலுவலக மாளிகைகள் பலவற்றில், பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின்னர், எவருக்கும் நிரந்தரமான மேசை கிடையாது என்ற ஏற்பாடு மெல்ல மெல்ல நிலைபெற்றுவிட்டது. காலையில் வருகிறவர் கைப்பேசியில் முன்பதிவு செய்த எண்ணைத் தேடிச் சென்று அமர்ந்து, மாலையில் மடிக்கணினியையும் தண்ணீர்க் குப்பியையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் திணித்துக்கொண்டு, தாம் அங்கே இருந்ததற்கான சுவடு எதுவும் மிஞ்சாதபடி எழுந்து போகவேண்டும். பணியாளரில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்கிற நாட்களில் இடத்தை வீணாக்குவானேன் என்று நிர்வாகங்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. நகரத்து வாடகையை அறிந்தவர்கள் அதை மறுக்கவும் மாட்டார்கள். ஆயினும் வாடகையில் மிச்சப்படுவதைவிட வேலையில் நஷ்டப்படுவது அதிகம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் எக்ஸெட்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரெய்க் நைட், அலெக்ஸாண்டர் ஹாஸ்லாம் என்ற இரு உளவியல் ஆராய்ச்சியாளர் 2010-ல் வெளியிட்ட பரிசோதனை, இந்த விஷயத்தில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மேசையும் நாற்காலியும் தவிர வேறெதுவுமில்லாத வெற்றறையில் சிலரும், செடிகளும் படங்களும் பிறரால் அழகாக வைக்கப்பட்ட அறையில் சிலரும், அதே செடிகளையும் படங்களையும் தம் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் பெற்ற அறையில் சிலரும் ஒரே விதமான வேலையைச் செய்தார்கள். வெற்றறையில் இருந்தவர்களைக் காட்டிலும், அலங்கரித்த அறையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 17 சதவீதமும், தாமே அமைத்துக்கொண்டவர்கள் ஏறக்குறைய 32 சதவீதமும் கூடுதலாகக் காரியம் செய்தார்கள். நான்காவதாக ஒரு கூட்டத்தாரை முதலில் தம் விருப்பப்படி அடுக்கச் சொல்லி, பிறகு ஆராய்ச்சியாளரே உள்ளே சென்று அவர்கள் கண்முன்னே எல்லாவற்றையும் மாற்றி வைத்தார். செடியும் படமும் அறையில் இருந்தும், அவர்கள் பெற்றிருக்கக்கூடிய பயன் முழுவதும் அந்த ஒரு செய்கையால் அழிந்துபோயிற்று. வேலைக்குச் சௌகரியம் தருவது பொருள் மட்டுமன்று, தன் இடத்தின் மீது தனக்குள்ள அதிகாரமுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியத்தை நான் அறியேன்.

அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் என்ற மரச்சாமான் கம்பெனிக்காக ராபர்ட் புராப்ஸ்ட் 1960-களில் வகுத்த புதிய அலுவலக அமைப்பும் இந்த அதிகாரத்தைத் தருவதற்காகவே பிறந்தது. நின்றுகொண்டும் எழுதலாம், உட்கார்ந்தும் எழுதலாம், தடுப்புகளை வேண்டியவாறு நகர்த்தலாம் என்று அவர் எண்ணினார். வாங்கிய கம்பெனிகளோ அந்தத் தடுப்புகளைச் சதுரமாக நெருக்கி, குறைந்த இடத்தில் அதிகம் பேரை அடைக்கும் உபாயமாக்கிவிட்டன. தம் சிருஷ்டி இப்படித் திரிந்ததைக் கண்டு அந்திமக் காலத்தில் அவர் மனம் நொந்தே பேசினார்.

பொது அலுவலகத்தில் மனிதனை மிகவும் வாட்டுவது சப்தம். அதிலும் மின்விசிறியின் இரைச்சலைவிட, பக்கத்து மேசையில் ஒருவர் தொலைபேசியில் பேசுகிற, நமக்கு நன்றாகப் புரிகிற பேச்சே சித்தத்தைச் சிதற அடிப்பது. கிளாஸ், ஸிங்கர் என்ற அமெரிக்க அறிஞர் இருவர், பெருஞ்சப்தத்துக்கு இடையே சிலரை வேலை செய்ய வைத்து, வேண்டுமானால் சப்தத்தை நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தானையும் சிலர் கையருகே வைத்தார்கள். அதை அழுத்தாமலே இருந்தவர்கள்கூட, நிறுத்தும் வல்லமை தம்மிடம் உண்டென்ற நினைவினாலேயே, பொத்தான் இல்லாதவர்களைவிடப் பிழை குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் பின்னர் வேலை செய்தார்கள். கதவுள்ள இரண்டு சிற்றறைகளைப் பேச்சுக்கென்று ஒதுக்கி, நீண்ட உரையாடல்கள் அங்கேதான் என்று எல்லோரும் கூடி ஒப்புக்கொண்டால், கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்தப் பொத்தான் கிடைத்ததாகும்.

குளிரின் கதையும் இதுவே. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது உள்ளே பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்கிற காட்சியை நம் அலுவலகங்களில் எவரும் காணலாம். குளிர்சாதனத்துக்கான சர்வதேச அளவுகோல் நடுவயது ஆடவர் ஒருவரின் உடற்சூட்டைக் கொண்டு வகுக்கப்பட்டது என்றும், பெண்களின் உடல் அவ்வளவு சூட்டை உண்டாக்குவதில்லை என்றும் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் எடுத்துக்காட்டினார்கள். நம் நாட்டிலும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 24 டிகிரியைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. நிர்வாகியின் மேசை அறைக்குள் அது பூட்டப்பட்டிருக்கும் வரை எந்தப் பரிந்துரையும் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பிரயோசனப்படாது.

நாற்காலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பாதம் தரையில் படியவேண்டும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கவேண்டும், ஜன்னல் பக்கவாட்டில் அமையவேண்டும். ஆனால் ஒரு முறை செவ்வையாகத் திருத்திவைத்த நாற்காலி மறுநாள் வேறொருவரிடம் போய்விடுமானால், நாள்தோறும் அதைத் திருத்தும் சிரத்தை யாருக்கும் இராது, முதுகுவலிதான் மிஞ்சும்.

ஜவுளிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே கால் வீங்கிய பணியாளருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று நம் மாநிலம் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஆணையிட்டது. இருக்கை என்பது முதலாளியின் தயவன்று, தொழிலாளியின் உரிமை என்ற கொள்கையை நாம் அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதைக் கணினிக்கு முன் அமர்ந்திருப்பவருக்கும் சிறிது நீட்டித்துப் பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். பூட்டுள்ள ஓர் இழுப்பறை, ஒரு படத்தையோ சிறு செடியையோ வைத்துக்கொள்ள அநுமதி, கூடத்தின் வரைபடத்தைத் தீர்மானிக்கும் முன் அதில் உட்காரப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது ஆகிய இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மேசைகளைக் குறைத்தே தீரவேண்டிய ஸ்தாபனங்கள்கூட, இருவருக்கு ஒரு மேசை என்று வகுத்து, அந்த இருவர் இன்னார் என்று பெயரையும் குறித்துவிடலாம். திங்களும் செவ்வாயும் யாருக்கு, புதனும் வியாழனும் யாருக்கு, செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையெல்லாம் அவர்கள் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்வார்கள்.