விலையில்லா விளையாட்டின் விலை

உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வைத்தார். அவ்வுவகை இன்று கைப்பேசிக்குள் குடிபுகுந்துள்ளது. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. அது எவ்வாறு விற்கப்படுகிறது என்பதையே ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கணினி விளையாட்டு வாணிகம் பெரும்பான்மையும் இருவகைப்படும். ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது ஒன்று. 2023ஆம் ஆண்டிற்குள் 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்ற மைன்கிராப்ட் இதற்குச் சான்று. இலவசமாகப் பெற்று, ஆடும்போது சிறுகச் சிறுகச் செலவிடுவது மற்றொன்று. 2017இல் இலவசமாக வெளிவந்து, ஆட்டக்காரரின் உடைகளையும் அசைவுகளையும் விற்றே பெரும்பொருள் ஈட்டிய ஃபோர்ட்நைட் இதற்குச் சான்று.

இலவச முறையில் நன்மையே இல்லை எனல் நேர்மையாகாது. ஏழை மாணவனும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஒரே களத்தில் நிற்க அது வழி செய்தது. ஆயின், ஆடுவோருள் பொருள் கொடாதோரே மிகப் பலர். கொடுக்கும் சிலரே அனைவரின் செலவையும் சுமக்கின்றனர். எனவே, அச்சிலரிடமிருந்து மேலும் மேலும் பெறுவதே இவ்வாணிகத்தின் இயல்பாகிறது. ரூபாயை வைரமாகவும் நாணயமாகவும் மாற்றி, செலவின் உணர்வை மழுங்கச் செய்வர். இன்று வாங்காவிடில் என்றும் கிட்டாது என்பர். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத பெட்டியை விற்பர்.

உலகம் இதனைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. குலுக்கலில் பெற்ற பொருள்களை முழுத் தொகுதியாகச் சேர்ப்போர்க்கு அரிய பரிசு என்னும் முறை சட்டத்திற்கு முரணானது என ஜப்பானிய நுகர்வோர் முகமை 2012இல் அறிவித்தது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூது என்றே முடிவு செய்தது. ஃபோர்ட்நைட்டை வெளியிட்ட எபிக் நிறுவனம் 52 கோடி டாலர் செலுத்த 2022இல் அமெரிக்க அரசுடன் உடன்பட்டது. அதில் 24.5 கோடி, விரும்பாத செலவில் சிக்கவைக்கப்பட்டோர்க்குத் திருப்பித் தருவதற்கானது.

அவ்வாறாயின், விலை கொடுத்து வாங்குவன யாவும் குற்றமற்றவையா? இல்லை. 2017இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 விலைக்கு விற்கப்பட்ட விளையாட்டே; அதனுள்ளும் இத்தகைய பெட்டிகள் இருந்தமையால் பெருங்கண்டனம் எழுந்தது. ஆகவே, வேறுபாடு இலவசத்திற்கும் விலைக்கும் இடையே இல்லை. கொடுப்பவன் எதற்குக் கொடுக்கிறான் என்பதை அறிவதற்கும் அறியாமைக்கும் இடையே உள்ளது.

இவ்வளவுகோல் நமக்குப் புதிதன்று. திருமறையின் 5:90ஆம் வசனம் மதுவோடு சூதையும் விலக்கியது. விளைவு அறிய இயலாத 'கரர்' என்னும் விற்பனையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வள்ளுவரும் பொருட்பாலில் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். தெரிந்த உடையைத் தெரிந்த விலைக்கு வாங்குவது வாணிகம். திறந்த பின்னரே தெரியும் பெட்டிக்குப் பணம் கட்டுவது சூதின் வாயில் என்றே கருதுகிறோம்.

பரிசுப் பெட்டிகளில் எப்பொருள் எத்துணை விழுக்காடு கிட்டும் என்பதை வெளியிட வேண்டுமெனத் தென்கொரியா இயற்றிய சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் அத்தகைய விதி வேண்டும்; விலை ரூபாயிலேயே காட்டப்படல் வேண்டும்; சிறார்க்குப் பெட்டி விற்றல் தகாது. பெற்றோர் தம் வங்கிக் கடவு எண்ணைப் பிள்ளைகளின் கைப்பேசியில் விட்டுவைத்தல் ஆகாது. மாணவர்களோ, ஒரு திங்களில் விளையாட்டிற்குச் செலவிட்ட தொகையை எழுதிக் கூட்டிப் பார்ப்பார்களாக. இலவசத்தின் விலை அவ்வேட்டில் தெரியவரும்.