குத்திய பெயரும் குத்தாத கையெழுத்தும்

ஒரு தப்பை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும்.

முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் நான் கொடுத்த 'வி-ஃபிட்டிங்' ஜாப், நான் செய்தது அல்ல. சீனியர் அண்ணன் ஒருவர் செய்து வைத்திருந்ததை வாங்கி, அவர் நம்பரை அராவி அழித்துவிட்டு, என் ரிஜிஸ்டர் நம்பரை அழகாகப் பஞ்ச் பண்ணிக் கொடுத்தேன். இன்ஸ்ட்ரக்டர் சார் அந்த நம்பரைப் பார்க்கவே இல்லை. ஜாபை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "தம்பி, நீ எந்தக் கையால எழுதுவே?" என்றார். "வலது கை சார்." "இது இடது கைக்காரன் போட்ட ஃபைலிங்டா. கோடு எந்தப் பக்கம் சாயுது பார்!"

எனக்கு வேர்த்துவிட்டது. பெயரைக் குத்துகிறவன்தான் செய்தவனா? அன்று எனக்குள் எழுந்த இந்தக் கேள்வியை, பழைய வாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பலர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

ஜப்பானிய வாளை எடுத்துக்கொள்வோம். நம் அரத்துக்கு இருப்பது போலவே அதற்கும் பிடிக்குள் போகிற 'டாங்' உண்டு. பிடியில் செருகிய மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும். கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டியிருப்பது அந்த டாங்கில்தான். பெயரைப் படித்தால் முடிந்தது வேலை என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கலே!

17ஆம் நூற்றாண்டில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், கொதெட்சு என்ற கொல்லர் இருந்தார். முதலில் போர்க் கவசம் செய்தவர், பிறகு வாளுக்கு வந்தார். பெயர் கொடிகட்டிப் பறந்தது. உடனே போலிகளும் பெருகின. கொதெட்சு என்ற பெயரைக் கண்டால் முதலில் போலி என்றே எடுத்துக்கொள் என்று சொல்லும் அளவுக்குப் பெருகின! இதற்கு நேர்மாறாக, பழைய நீண்ட வாள்கள் பலவற்றைப் பிற்காலத்தில் டாங் பக்கமாக வெட்டிக் குட்டையாக்கினார்கள். வெட்டிய துண்டோடு கொல்லர் பெயரும் போயிற்று. ஆக, பெயர் உள்ளது பொய்யாகவும் பெயர் இல்லாதது மெய்யாகவும் இருக்கலாம்.

அப்படியானால் எதை நம்புவது? டாங்கில் கொல்லர் போட்ட அரத்தின் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார்கள் (நம்ம சார் பார்த்த அதே வேலை!). பிறகு துரு. எழுத்தின் பள்ளத்துக்குள் இருக்கும் துரு, சுற்றியுள்ள துருவைப் போலவே பழசா என்று பார்க்கிறார்கள். அதனால்தான் டாங்கின் துருவைத் துடைக்கவே கூடாது. பழைய இரும்பைப் பார்த்ததும் எமரி பேப்பரைத் தேடும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். பளபளப்பு வரும், சாட்சி போய்விடும்.

அடுத்து ஹீட் ட்ரீட்மென்ட். முதுகில் கனமாகவும் வெட்டும் விளிம்பில் மெல்லிசாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். விளிம்பு சட்டென ஆறி மார்ட்டன்சைட் ஆகும். முதுகு மெல்ல ஆறி, உடையாமல் தாங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் அலைக்கோடு விழும். கொதெட்சு வாளில் அது ஜபமாலை மணிகளைக் கோத்த மாதிரி இருக்கும். பெயரை யாரும் வெட்டிவிடலாம். அந்த வரிசையை நெருப்பிலும் நீரிலும் வரவழைப்பது லேசா?

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 'உல்ஃப்பெர்ட்' என்று இரும்பு பதித்து எழுதிய சுமார் 170 வாள்கள் கிடைத்திருக்கின்றன. காலம் கி.பி. 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. ஒரே மனிதர் 200 வருஷம் சம்மட்டி அடித்திருக்க முடியுமா? உலோகத்தைச் சோதித்தபோது சிலவற்றில் சுமார் 1 சதவீதம் கார்பன் உள்ள நல்ல எஃகு இருந்தது, சிலவற்றில் மட்டமான சரக்கு இருந்தது. பெயர் மட்டும் ஒன்று!

அதற்காகப் பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உளி வெட்டின் ஆழம், எழுத்தின் சாய்வு எல்லாம் தெரிந்த அசலோடு ஒத்துப்போனால் அந்தப் பெயரும் நல்ல சாட்சிதான். ஆனால் பெயர் என்பது ஒரு கேள்வி. பதில் இரும்பில் இருக்கிறது.

ஜப்பானில் வாள் அறிந்தவர்களுக்கு ஒரு போட்டி வைப்பார்கள். டாங்கை மூடிவிட்டு வாளை மட்டும் கையில் கொடுத்து, "செய்தவர் யார்?" என்று கேட்பார்கள். நம் பிராக்டிகலையும் அப்படி நடத்தினால் என்ன? நம்பரை மூடிவிட்டு, "இதில் உன் ஜாப் எது? எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்கட்டும். கடையில் வாங்கிய பிராஜெக்டுக்கும், பார்த்து எழுதிய ரெக்கார்டுக்கும் அன்றைக்கு வாய் அடைத்துப் போகும்.

நான் அந்த ஜாபைத் திரும்பச் செய்தேன். ஃபிட்டிங்கில் வெளிச்சம் தெரிந்தது. மார்க்கும் குறைந்தது. ஆனால் கோடு என் கைப்பக்கம் சாய்ந்திருந்தது. சார் அதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

தோழர்களே! நாளை டிப்ளமோவில் நம் பெயரை அச்சடித்துக் கொடுப்பார்கள். அதற்குள் நம் கையில் ஒரு தடம் விழட்டும்!

— இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்