மண்ணைச் சோதிக்கும் முன் மடியைச் சோதிக்காதீர்கள்

தோட்டத்தில் நகை தொலைந்தால் முதலில் சோதிக்க வேண்டியது மண்ணை. எங்கள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் முதலில் சோதிக்கப்படுவது வேலைக்கு வந்த பெண்ணின் மடி. அடுத்தது அவருடைய தூக்குப்போசி. அதற்கும் அடுத்தது மை போட்டுப் பார்ப்பவரின் வெற்றிலை. மண்ணின் முறை வருவதற்குள் டிராக்டர் ஒரு தடவை ஓடி முடிந்திருக்கும். நகை இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கும்.

இந்த வழக்கத்தைக் கண்டிக்கத்தான் இன்று எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

சந்தேகம் என்பது வாய்க்கால் தண்ணீர் மாதிரி. எப்போதும் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். அன்று தோட்டத்துக்கு வந்துபோன மச்சினன் மேலோ, உர மூட்டை இறக்கிய சொந்தக்காரப் பையன் மேலோ அது பாய்ந்து நான் பார்த்ததில்லை. நேராகக் களை எடுக்க வந்தவர், பாத்திரம் கழுவ வந்தவர் மேல்தான் போய் நிற்கும். "மடியில் கனமில்லைன்னா காட்ட வேண்டியதுதானே?" என்று பழமொழியை வேறு துணைக்கு இழுப்பார்கள். பத்துப் பேர் முன்னால் மடியை அவிழ்த்துக் காட்டும்படி ஒருவரைச் சொல்வதே ஒரு தண்டனை என்பது சொல்பவருக்குத் தெரிவதில்லை. எங்க அம்மாயி சொல்வார்: எடுத்தவனுக்கு ஒரு பாவம், தொலைச்சவனுக்குப் பத்துப் பாவம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்தவன். பஞ்சுப் பொதியோடு ஓர் இரும்புத் துண்டு உள்ளே போனால் தீப்பொறி பறந்து புளோ ரூமே எரிந்துவிடும். அதற்காகக் காந்தம் வைத்திருப்போம், மெட்டல் டிடெக்டரும் வைத்திருப்போம். பக்கத்தில் திருப்பூரில் குழந்தைகளுக்கான சட்டைகளை நீடில் டிடெக்டரில் விட்டு, உடைந்த ஊசி முனை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கப்பலுக்கு அனுப்புகிறார்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் தோலில் கீறல் விழக்கூடாது என்று கருவியை நம்புகிற இதே கொங்கு நாடுதான், தன் வீட்டு நகை தொலைந்தால் வெற்றிலையில் தடவிய மையை நம்புகிறது. இது என்ன நியாயம்?

கருவி ஒன்றும் மந்திரமில்லை. வட்டமான ஒரு கம்பிச்சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகிறது. அது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சின்னச் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அந்த எதிரொலியைக் கருவி சத்தமாக மாற்றித் தருகிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். குண்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். தலைமை மருத்துவருக்கோ குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று முன்பே முடிவு. அந்தப் பக்கம் மட்டும்தான் தேட விட்டார். கட்டில் மெத்தையின் எஃகுக் கம்பிகளும் சேர்ந்து குழப்பின. ஜனாதிபதி செப்டம்பரில் இறந்த பிறகு பார்த்தால், குண்டு இடது பக்கம் இருந்தது. யார் எடுத்தார் என்று முன்பே முடிவு கட்டியவருக்கு எந்தக் கருவியும் உதவாது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஓய்வுக்குப் பிறகு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மேற்கே ஒரு தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். சின்ன வெங்காய அறுவடை நடந்த இடம். மருமகளின் ஐந்து பவுன் செயின் காணாமல் போய் மூன்று நாள். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கடைசியாகக் கிளம்பிய ஓர் அம்மாவின் மடியை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். "நான் எடுக்கலீங்க அம்மிணி" என்று அவர் அழுததையும் "எப்படி நடிச்சா பாருங்க" என்றுதான் என்னிடம் சொன்னார்கள். மை பார்த்தவர், "மாநிறமான பொம்பளை, தெக்கால வீடு" என்றாராம். எங்கள் ஊரில் பாதிப் பேர் மாநிறம், அதில் பாதிப் பேருக்குத் தெற்கே வீடு.

நான் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியாச் செயினைக் கழுத்துல பார்த்தது எந்தப் பாத்தியில?" அதுவரை அதை ஒருவரும் அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கவில்லை. அவர் காட்டிய இடத்திலிருந்து வாய்க்கால் வரை கயிறு கட்டி, வரிசை வரிசையாக நடந்தேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை. வாய்க்கால் கரையில் நாலு விரற்கடை ஆழத்தில், கொக்கி விரிந்து கிடந்தது. செயினைவிட அதில் கோத்திருந்த டாலர்தான் நன்றாகச் சத்தம் கொடுத்தது.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். எனக்குக் காப்பி, பலகாரம். "அந்த அம்மா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வந்துருங்க" என்றேன். "பார்க்கலாமுங்க" என்றார்கள். ஒருவரும் போகவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் அந்தத் தோட்டத்துக்கு அப்புறம் வேலைக்கு வரவில்லை. செயின் கிடைத்த சேதி நாலு வீட்டுக்குத்தான் போனது; திருடி என்ற பேச்சு நாற்பது வீட்டுக்குப் போயிருந்தது.

"மை பார்த்துக் கிடைத்திருக்கிறதே?" என்று கேட்பவர்களுக்கு: கிடைத்ததை ஊரெல்லாம் சொல்கிறோம். கிடைக்காததைச் சொல்வதில்லை. அகப்பட்டால் மையின் மகிமை, அகப்படாவிட்டால் நம் நேரம் சரியில்லை. இப்படியொரு கணக்கில் யார்தான் தோற்பார்?

அதற்காகக் கருவி என்று பெயர் வைத்த எல்லாவற்றையும் நம்பவும் சொல்லவில்லை. ஆன்டெனா மாதிரி கம்பி நீட்டிக்கொண்டு, அரை மைல் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்று விற்பதெல்லாம் ஏமாற்று. இப்படித்தான் ஓர் ஆங்கிலேயர், கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி ஈராக் அரசுக்கே விற்றார். 2013ல் அவருக்குப் பத்து வருடம் சிறை. நம் ஊர் ரைஸ் புல்லிங், இரிடியம் கலச மோசடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வாங்கும் முன் ஒரு மோதிரத்தை விற்பவருக்குத் தெரியாமல் மண்ணில் புதைத்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். மையிடமும் இதே பரீட்சையைக் கேளுங்கள். யார் சம்மதிக்கிறார் என்று பார்ப்போம்.

"கருவி கையில் இருந்தால் ஊரெல்லாம் புதையல் தோண்டக் கிளம்பிவிடுவார்கள்" என்பது இன்னொரு ஆட்சேபம். நொய்யல் கரை வெள்ளலூரில் 1842ல் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்த பூமி இது, அதனால் பயம் நியாயம்தான். அதற்குத்தான் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 1992ல் இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்ற ஊரில், விவசாயி தொலைத்த ஒரு சுத்தியலைத் தேடப் போனார் எரிக் லாஸ் என்பவர். மெட்டல் டிடெக்டருக்கு அகப்பட்டது ஏறக்குறைய 15,000 ரோமானியக் காசுகளும் தங்க நகைகளும். அவர் முழுவதையும் தோண்டிப் போடாமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலார் வந்து முறையாக எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நேர்மையும் கருவியும் ஒரே கையில் இருக்க முடியும்.

சரி, நகை தொலைந்தால் என்ன செய்வது? முதலில் ஏர், டிராக்டர், தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து நடந்த வழியைக் குச்சி நட்டுக் குறியுங்கள். யானைக்குப் போட்ட சோலார் வேலியைத் தேடும் நேரம் அணைத்துவையுங்கள், அது கருவியைக் கத்த வைக்கும். செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம், அதற்கேற்பக் கருவியை மண்ணோடு சமன்படுத்த வேண்டும். அதே மாதிரி நகை ஒன்றை மண்ணில் வைத்து முதலில் சத்தத்தைப் பழகிக்கொள்ளுங்கள். அலுமினியக் காகிதத்தின் சத்தத்தை ஒதுக்கிவிடாதீர்கள். மெல்லிய தங்கமும் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும். மோதிரம் சுலபம், அரை அடி வரைகூடக் காட்டும். மெல்லிய செயின் கடினம். மூக்குத்தி இன்னும் கடினம். அதனால் கருவி சும்மா இருந்தது என்பதற்காக, "அப்போ அவதான் எடுத்தா" என்று முடிவு கட்டவும் கூடாது.

வேளாண் பொறியியல் துறை டிராக்டரும் ரோட்டவேட்டரும் வாடகைக்குத் தருகிறது. நம் விவசாயக் குழுக்களோ கூட்டுறவுச் சங்கங்களோ ஊருக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்தால் என்ன? தொடக்கநிலைக் கருவியின் விலை ஒரு பவுனைவிட மிகக் குறைவு. அதுவரை என் கருவி இருக்கிறது. கூப்பிட்டால் வருவேன், காசு வேண்டாம். ஒரே நிபந்தனைதான். நான் வருவதற்கு முன் யார் மடியையும் அவிழ்க்கச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லியிருந்தால், நகை கிடைக்கிறதோ இல்லையோ, முதலில் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு மண்ணைத் தேடுவோம்.