தர்மத்துக்குப் பற்றுச்சீட்டா?

“தர்மம் செய்திட்டு வரியில கழிக்கிறதோ? பிறகென்ன தர்மம்?” இப்படிக் கேட்கும் மாமா ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார்.

கனடாவில் மத்திய அரசியல் கட்சி ஒன்றுக்கு 400 டொலர் கொடுத்தால் வரியில் 300 குறையும். அதற்கு வெட்கப்பட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. அதே 400ஐ உணவு வங்கிக்குக் கொடுக்கும் சாதாரண சம்பளக்காரருக்கு மத்திய வரியில் குறைவது 90 டொலரும் இல்லை. (மாகாணம் தருவது தனி.) அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவிட வேண்டுமாம்! விட்ட காசு ஏழைக்கா போகிறது? வாங்கினால் அடுத்த முறை அதையும் சேர்த்துக் கொடுக்கலாமே.

படிக்கிற தம்பி தங்கைகளே, இப்போது வரி கட்டாவிட்டாலும் பற்றுச்சீட்டை எறியாதீர்கள். அடுத்த 5 வருடத்துக்குள் கோரலாம். 200 டொலருக்கு மேற்பட்ட தொகைக்குத்தான் 29 வீதம். ஆகவே சேர்த்துக் கோருவதே லாபம்.

பற்றுச்சீட்டு கேட்டால் சிலருக்கு முகம் கறுக்கும். பதியாத அமைப்பெல்லாம் கள்ளம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதிவு எண்ணைக் கேளுங்கள், சீ.ஆர்.ஏ.யின் இணையப் பட்டியலில் தேடுங்கள். “எங்களில நம்பிக்கை இல்லையோ பிள்ளை?” என்றால், “பார்த்திட்டுச் சொல்லுறன் அங்கிள்” என்று சொல்லப் பழகுங்கள்.