பிளாஸ்டிக் நாற்காலியில் பெயின்ட் நிற்குமா?

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தால், டப்பாவின் அடியில் எப்படியும் கொஞ்சம் மிச்சமாகும். வீணாக்க மனசு வராது. மொட்டை மாடி வெயிலில் வெளுத்துப்போன பிளாஸ்டிக் நாற்காலிகள் கண்ணில் படும். ஒரே மதியத்தில் நான்கும் புதுசாகிவிடும்! பத்து நாள் கழித்து, உட்கார்ந்து எழுந்த விருந்தாளியின் வெள்ளை வேட்டியில் நீல நிறச் செதில்கள். பழி பெயின்ட் மீது விழும். உண்மையில் தவறு, டப்பாவைத் திறப்பதற்கு முன்பு செய்யாமல் விட்ட வேலையில்தான் இருக்கிறது.

ஏன் ஒட்டுவதில்லை?

மரமும் சுவரும் பெயின்ட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழுக்காது. அதிலும் நாற்காலி, வாளி, பூந்தொட்டி எல்லாம் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீனால் ஆனவை. மெழுகுவர்த்தியின் மெழுகுக்கு நெருங்கிய சொந்தம் இவை. தாமரை இலைத் தண்ணீர் போல, பெயின்ட் மேலே இருக்குமே தவிரப் பிடித்துக்கொள்ளாது.

பொருளின் அடிப்பக்கத்தில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2, 4, 5 என்றால் இந்த வழுக்கல் வகை. 3 என்றால் பிவிசி. அதில் பெயின்ட் ஓரளவு சுலபமாகப் பிடிக்கும். எண் எதுவும் இல்லாவிட்டால் வழுக்கல் வகை என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

செய்ய வேண்டியவை

* பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவிட வேண்டும். வெயிலில் கிடந்த நாற்காலியைத் தடவினால் கையில் வெள்ளை மாவு ஒட்டும். அது முழுவதும் போக வேண்டும்.

* 320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு மங்கும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கலாம். அதன்பிறகு வெறும் கை படக் கூடாது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளை அவை கரைத்துவிடும்.

* அடுத்தது பிளாஸ்டிக் பிரைமர். இதைத் தவிர்த்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும். கார் பம்பர்கள் பலவும் பாலிபுரொப்பிலீன் கலந்தவைதான். அந்த வகைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். பிரைமர் அடித்து எவ்வளவு நேரத்துக்குள் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும்.

* பெயின்ட்டை ஒரே கோட்டில் கனமாக அடிக்காமல், மெல்லிய கோட்டாக இரண்டு, மூன்று முறை அடிக்கலாம். ஸ்பிரே என்றால் ஓர் அடி தள்ளி நின்று, காற்றோட்டமான இடத்தில், மாஸ்க் அணிந்து அடிக்க வேண்டும். அடுப்போ விளக்கோ எரியும் இடத்தின் பக்கம் போகவே கூடாது.

* தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே உட்காரக் கூடாது. பெயின்ட் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும்.

முழு நாற்காலிக்கும் அடிப்பதற்கு முன் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அடித்துப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்தபின் பிளேடால் லேசாகக் கட்டம்போல் கீறி, செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் தெரிந்துவிடும். டேப்போடு பெயின்ட் வந்தால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எங்கே அடிக்கக் கூடாது?

உணவு டப்பா, தண்ணீர்க் குடம், குழந்தை வாயில் வைக்கும் பொம்மை ஆகியவற்றுக்கு வீட்டுப் பெயின்ட் கூடவே கூடாது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவிலும் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் அதிகம் இருந்திருக்கலாம். உரிந்து விழும் செதிலைத் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால், மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

கடைசியாக ஒன்று. காலில் விரிசல் விட்ட நாற்காலிக்குப் பெயின்ட் அழகைத் தரும், பலத்தைத் தராது. விரிசலை மறைத்துவிட்டால் தாத்தாவோ பாட்டியோ நம்பி உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நாற்காலியை மட்டும் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.